வெகு விமரிசையாக

இராசநாயகம் செத்து இரண்டு நாள் கழித்துத்தான் யாருக்கும் தெரிந்தது. நியூசிலாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டுக்குப் பின்னால், கராஜை மறித்துக் கட்டிய அறையில் வாடகைக்கு இருந்தான். படுத்த இடத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. குப்பைத் தொட்டி வெளியே வரவில்லையே என்று வீட்டுக்காரி போய்த் தட்டிப் பார்த்தாள். பிறகு பொலிஸ் வந்தது. பொலிஸ் சொன்னது கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கிளிநொச்சியில் இருந்த தாயிடம் போனது. இரண்டு நாள் கிடந்தான் என்பதையும் மறைக்கவில்லை.

கேதீஸ்வரன் அவனோடு மனுகாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றியவன். சொந்தமில்லை. தாய் வசந்தமலரின் கையில் இருந்த ஒரே நியூசிலாந்து நம்பர் அவனுடையதாக இருந்தது, அவ்வளவுதான். காரியம் முழுவதும் அவன் தலையில் விழுந்தது.

தாய் போனில் அழவில்லை.

"அங்க எங்கட சனம் குறைவெண்டு தெரியும் தம்பி. சனமிருந்தா பாத்திருக்கும். அதுக்கு ஒருத்தரையும் நோகேலாது. ஆனா என்ர பிள்ளையின்ர செத்தவீடு வெகு விமரிசையா நடக்கவேணும். நான் அதைப் பாக்கவேணும்."

விமரிசை என்பது கோயில் கொடியேற்ற நோட்டீசிலும் கலியாணக் கார்டிலும் குடியிருக்கிற சொல். பந்தலும் மேளமும் கால்வைக்க இடமில்லாத சனமும் கூடினால்தான் அது வாயில் வரும். பிணத்துக்கு அதை யாரும் போடுவதில்லை. நாற்பது தாண்டிய மகனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருந்தவள், கலியாணத்துக்கென்று வைத்திருந்த சொல்லை எடுத்துச் செத்தவீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது கேதீஸுக்குப் பிறகுதான் விளங்கியது. அதற்குள் ஓம் என்று சொல்லிவிட்டான்.

மயான மண்டபம் ஒரு வேலைநாளில்தான் கிடைத்தது. வந்தவர்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடலாம். களஞ்சியத்தில் லீவு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பலர் வந்திருக்கமாட்டார்கள். இராசநாயகம் யார் வீட்டுக்கும் போகாதவன். பக்குரங்காவிலிருந்து குணவதி அக்கா, தன் தோட்டத்தில் பூத்ததையெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினாள். பின்சுவரின் உச்சியில், சனம் இருக்கும் வாங்கு வரிசைகளைப் பார்த்தபடி ஒரு கமரா இருந்தது. ஊரில் விடிந்தும் விடியாத நேரத்தில் தாய் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணவதி அக்கா கமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பூவை ஆரடா பாக்கப்போகினம்? அது வெறும் வாங்கைத்தான் காட்டும்."

கேதீஸ் வெளியே போனான். அடுத்த சவத்துக்காக ஒரு சமோவாக் குடும்பம் புல்தரையில் காத்திருந்தது. குடும்பம் என்று சொல்வது பிழை, அது ஒரு ஊர். எல்லாரும் வெள்ளை உடுப்பு, பெண்களுக்கு வெள்ளைத் தொப்பி, பிள்ளைகள், கைத்தடிக் கிழவர்கள். தொப்பிக்காரிகளில் பருத்த ஒருத்தியிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உள்ளே ஆளில்லை என்றான். அவள் காரணம் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டு, நாக்குக்குப் பிடிபடும்வரை சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். ஊர் எழும்பியது.

வாங்குகள் நிறைந்து, சுவரோரமெல்லாம் நின்றார்கள். வந்தவர்களில் தேவாரம் தெரிந்த ஒருவனான ஆனந்தராசா அதைத் தட்டுத்தடுமாறிப் பாடி முடித்ததும் தொப்பிக்காரி தங்கள் தேவாலயப் பாட்டைத் தொடங்கினாள். நாலு குரலாகப் பிரிந்து கூரை அதிர்ந்தது. தங்கள் சவத்துக்கென்று வைத்திருந்த கண்ணீரில் பாதியை இங்கே சிந்தினார்கள்.

"நாயகம் செத்தாப்பிறகு வேதத்துக்கு மாறிட்டான் எண்டு ஊரில கதைக்கப்போகுதுகள்," என்று ஆனந்தராசா காதுக்குள் சொன்னான்.

கேதீஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமையில் முதல்தடவையாக மூச்சு லேசாக வந்தது. இதற்குமேல் என்ன விமரிசை வேண்டும் என்று நினைத்தான். பெட்டி உள்ளே போனது.

கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் தாய் அழைத்துவிட்டாள். திரையில் முகம் பாதிதான் தெரிந்தது.

"பாத்தன் தம்பி. நல்ல விமரிசை. எங்கட ஊரில ஆருக்கும் இப்பிடி நடக்கேல்ல."

"ஓமம்மா."

"வெள்ளை உடுத்தினதுகள் விக்கி விக்கி அழுதுதுகள். அவ்வளவும் அவனைத் தெரிஞ்ச சனமோ?"

"ஓமம்மா. எல்லாருக்கும் அவனில நல்ல விருப்பம்."

அவள் பக்கத்தில் எங்கோ கோழி கூவியது.

"அவ்வளவு சனம் இருந்துமோ தம்பி, என்ர பிள்ளை ரெண்டு நாள் கிடந்தவன்?"

உண்மையைச் சொல்லலாம். அது வேறு யாரோ ஒருவனின் சனம் அம்மா, உங்கள் மகனுக்கு ஒருவரும் இல்லை என்று சொன்னால் அவளுக்குப் பார்க்கச் சனமில்லை என்ற பழைய ஆறுதல் திரும்பக் கிடைக்கும். ஆனால் அவள் ஆயுளில் கண்ட ஒரே விமரிசை போய்விடும். இரண்டில் ஒன்றைத்தான் அவளிடம் விட்டுவைக்க முடியும்.

"ஓமம்மா," என்றான் கேதீஸ். "நாங்கள் ஒருத்தரும் போய்ப் பாக்கேல்ல."

"அவ்வளவு சனமும்?"

"அவ்வளவு சனமும்."

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் கேட்க அவன் அழைத்தபோது இராசநாயகத்தின் தங்கச்சிதான் பேசினாள். அம்மா அந்த நாட்டுச் சனத்தோடு இனிக் கதைக்கமாட்டாவாம் என்றாள்.