என் பெயரில் ஓர் அழைப்பு

எங்கள் காதுகேளாதோர் சங்கத்தில் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு சைகை வைத்திருக்கிறோம். செயலாளர் என்றால் தலையைத் தடவி வழுக்கையைக் காட்டுவோம். நான் பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பதால் என்னைச் சொல்ல முன்பல்லைத் தட்டுவார்கள். என் அக்காவுக்கு நன்றாகவே காது கேட்கும், சங்கத்தில் அவள் உறுப்பினரே இல்லை. ஆனாலும் அவளுக்கும் ஒரு சைகை உண்டு: கட்டை விரல் காதில், சுண்டு விரல் வாயருகில், போன் பேசுவது போல. இருபது வருடமாக எனக்கு வரும் போனையெல்லாம் அவள்தான் பேசுகிறாள்.

அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. போன மாதம் வரைக்கும்.

போன மாதம் ஒரு பெரிய பல் லேபின் முதலாளிக்கு வேலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நான் இருக்கும் லேபில் எட்டு வருடமாக மெழுகிலேயே பல் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெரிய லேபில் செராமிக் பல்லுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அவருடைய பதிலைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. "ஆறு மாதத்துக்கு முன்பே உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டோமே. உங்கள் எண்ணில் பேசிய பெண்மணி, உங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாரே" என்று எழுதியிருந்தார். என் எண் என்று நான் எல்லா இடத்திலும் கொடுத்து வைத்திருப்பது அக்காவின் எண். அக்கா இதைப் பற்றி என்னிடம் மூச்சுகூட விடவில்லை.

கடிதம் அதோடு முடியவில்லை. இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது, இன்னொருவரையும் பார்த்து வைத்திருக்கிறேன், புதன்கிழமை மூன்று மணிக்குப் பேசுங்கள், மூன்றரைக்கு நான் வெளியூர் கிளம்புகிறேன், நீங்களே பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த 'நீங்களே'யை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அழுதால் நான்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

எப்படிப் பேசுவது? அதற்கென்று ஒரு சேவை இருக்கிறது. காமிராவில் நாம் சைகை காட்டினால் ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலாக்கி எதிர்முனைக்குச் சொல்வார், அவர்கள் பேசுவதைச் சைகையாக்கி நமக்குக் காட்டுவார். சங்கத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே இதற்கு மாறிவிட்டார்கள். இரண்டு வகை இருந்தது: கைபேசியில் போட்டுக்கொள்ளும் செயலி ஒன்று, டிவியோடு இணைக்கும் காமிராப் பெட்டி ஒன்று. செயலியைச் சோதித்துப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் மொழிபெயர்ப்பாளரின் விரல்கள் எறும்புக் கால் மாதிரி இருந்தன. அவர் காட்டிய எண் மூன்றா ஆறா என்று தெரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு கை போனைப் பிடித்துக்கொண்டால் மீதி ஒரு கையால் பாதிதான் பேச முடிகிறது. பெட்டியையே வாங்கினேன்.

அதை மாட்ட வந்தவரும் எங்கள் ஆள்தான், காது கேளாதவர். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, பின்னால் வெற்றுத் திரைச்சீலை வேண்டும், கை தெரிய அடர்த்தியான ஒரே நிறத்தில் சட்டை போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார். "மொழிபெயர்ப்பாளர் கண்ணுல படறது எல்லாத்தையும் அப்படியே சொல்லிடுவார். அது அவங்க விதி. நீங்க தும்மினாக்கூட தும்மறாங்கன்னு சொல்வார்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். இரண்டரை மணிக்கு, வாசல் மணிக்குப் பதிலாக வைத்திருக்கும் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. கதவைத் திறந்தால் அக்கா.

"லேபுக்குப் போனேன், நீ லீவுன்னாங்க. உடம்புக்கு என்ன?" என்று கேட்டபடியே உள்ளே வந்தவள் திரைச்சீலையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு நின்றாள். அக்காவின் சைகை பாதி வீட்டுச் சைகை, பாதி வாயசைவு. ஆனால் அவள் புரிந்துகொள்ளும் வேகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

"வேலை விஷயமா ஒருத்தர்கிட்ட பேசணும்" என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பேசியிருப்பேனே!"

என் கை எழுந்தது. அடக்கிக்கொண்டேன். காமிராவில் விழாத மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, "இங்கேயே உட்காரு, அசையாதே" என்றேன்.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு தாடிக்காரர் வந்தார். இனி அவர் குரல்தான் என் குரல். என் குரலுக்குத் தாடி முளைத்துவிட்டது என்று நினைத்துச் சிரிக்க முயன்றேன், வாய் உலர்ந்து கிடந்தது. அவர் எண்ணை அழுத்தினார், உதடு அசைந்தது, பிறகு என்னைப் பார்த்துச் சைகை காட்டினார்: "'நாங்க காப்பீடெல்லாம் எடுத்தாச்சு'ன்னு வெச்சிட்டாங்க."

காப்பீடு விற்கிறவர் என்று நினைத்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டோம். "இது காது கேளாத ஒரு பெண்ணுக்காக" என்று அவர் விளக்க ஆரம்பித்ததுமே மறுபடியும் வைத்துவிட்டார்கள். மணி மூன்று பன்னிரண்டு. உள்ளங்கை வேர்த்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. அக்கா டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரல் எதிர்முனைக்கு மட்டும்தான் போகும், டிவியில் வராது என்று சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. கேட்க எதுவுமில்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"விளக்கத்தை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல என் பேரைச் சொல்லுங்க, மூணு மணிக்குப் பேசச் சொன்னதைச் சொல்லுங்க" என்று தாடிக்காரரிடம் சொன்னேன். மூன்றாவது தடவை முதலாளியே வந்தார்.

"யாரோ ஆம்பளை பேசறாரே?"

"குரல் அவரோடது, பேச்சு என்னோடது" என்றேன்.

முதலாளி பேசும்போது தாடிக்காரரின் கை அசையாது. கேட்டு முடித்துத்தான் காட்டுவார். அந்த இடைவெளியில் எனக்கு உயிரே போய்விடும். அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், நல்லதா கெட்டதா என்று.

"முன்பல் ஒண்ணு மட்டும் கட்டணும். நிறம் எப்படிப் பார்ப்பீங்க?"

"டாக்டர் எழுதி அனுப்பற நிற நம்பரை மட்டும் நம்ப மாட்டேன். ஆளை வரச்சொல்லி ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல பார்ப்பேன். வாயைத் திறந்தவுடனே பார்த்துடணும். பல்லு காஞ்சா வெளுப்பாத் தெரியும்."

"சிரிக்கிறார். எங்க டாக்டருங்களுக்கே அது தெரியாதுங்கறார்" என்று காட்டினார் தாடிக்காரர். எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி வந்து அதைப் பறித்துக்கொண்டது.

"அன்னிக்கு ஏன் வேண்டாம்னீங்க?"

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். அவளுக்கும் அந்தச் சைகை புரிந்துவிட்டது.

"குடும்பச் சூழ்நிலை" என்றேன்.

"அந்தச் சூழ்நிலை இப்ப மாறிடுச்சா? திரும்ப நடுவுல விட்டுட்டுப் போனா நான் என்ன பண்றது?"

அக்கா மூலையிலிருந்து கையை வீசி வீசிக் காட்டினாள்: "நானும் கூட வருவேன்னு சொல்லு. முதல் மாசம் நான் வந்து எல்லார்கிட்டயும் பேசிக்கறேன்னு சொல்லு!"

அடக்கி வைத்திருந்தது அத்தனையும் கிளம்பிவிட்டது. அவள் பக்கம் திரும்பினேன். "நீ பேசினது போதும்! ஆறு மாசத்துக்கு முன்னாடி இந்த வேலையே வந்துச்சு. என்னைக் கேக்காமலே வேண்டாம்னு சொல்லிட்டே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் வாயை நீயே வெச்சுக்கிட்டு இருக்கே அக்கா!"

திரும்பிப் பார்த்தபோது தாடிக்காரரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. என் கோபம் அவர் புருவத்தில் அப்படியே ஏறியிருந்தது. ஐயோ, தும்மல்! கையை மடியில் போட்டேன். இரண்டு நொடி கழித்து அவர் உதடும் நின்றது. அக்காவைத் திட்டும்போதுகூட உடம்பைத்தான் திருப்பினேனே தவிர, காமிராவை விட்டு நகரவில்லை. ஊரில் எந்த முதலாளி வேலை கேட்டுப் போன் செய்தவளின் வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டு வேலை கொடுப்பார்?

"அமைதி. லைன் கட் ஆகலை" என்று காட்டினார் தாடிக்காரர்.

மணி மூன்று இருபத்தாறு.

"அன்னிக்கு என்கிட்ட வேண்டாம்னு சொன்னது உங்க அக்காவா?"

"ஆமா."

"நீங்க சொல்லலை."

"நான் யார்கிட்டயும் பேசவே இல்லை."

மறுபடியும் கை அசையவில்லை. தாடிக்காரரின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு அவர் மெதுவாகக் காட்டினார்: "திங்கட்கிழமை வாங்க. ஒரு வாரம் வேலை செஞ்சு காட்டுங்க. இன்னொருத்தரும் வராரு, பார்த்துட்டு முடிவு சொல்றேன். தனியா வாங்க."

திரை நீலமானது. நான் திட்டியதிலிருந்து தலை குனிந்தே இருந்த அக்கா எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

"என்ன சொன்னார்?"

சுருக்கிச் சொல்லியிருக்கலாம். நல்ல பகுதியை மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். தனியாக வரச் சொன்னதையும் சொன்னேன்.

"நீ என்னைத் திட்டினது?"

"அதையும் கேட்டார். ஒரு வார்த்தை விடாம."

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சைகையாகத் தேடித் தேடிக் காட்டினாள்.

"அன்னிக்கு அவர் கேட்டது ஒண்ணுதான். அவங்களுக்கு விருப்பமான்னு. நான் உடனே பதில் சொல்லிட்டேன். உன்கிட்ட மறைக்கணும்னு இல்லை. உன்னைக் கேக்கணும்னே எனக்குத் தோணலை."

மறைத்தாள் என்று நினைத்துத்தான் இத்தனை நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நாள் மன்னித்தும் இருப்பேன். இது அந்தக் கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"திங்கட்கிழமை நான் வரட்டுமா, வேண்டாமா?"

கேட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை, எனக்காக அவளே எதையும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. புது இடம், முகம் தெரியாத ஆட்கள், ஒரு வாரம், போட்டிக்கு இன்னொருவர்.

"வேண்டாம்" என்றேன்.