குலுக்கலில் விழுந்த குழாய்

அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். அந்தப் பாசம்தான் கடைசியில் அவளுக்கு வினையாக முடிந்தது.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கைக்குள் பதிக்கும் குழாய்களை வடிவமைப்பது தம்பியின் வேலை. பழைய குழாய் நெடுகிலும் ஒரே அகலம். ரத்த நாளத்தோடு சேரும் முனையில் அடைத்துக்கொள்ளும். அந்த முனையை அவன் அகல வாயாக விரித்துவிட்டான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா, உன் குழாயும் பிழைச்சுக்கும்" என்று கேலி செய்தாள் அக்கா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் அவள் வாய் மட்டும் ஓயவில்லை.

எந்தக் குழாய் அதிக நாள் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஆள் போதவில்லை என்று தம்பி சோர்ந்து உட்கார்ந்தபோது, "நான் இருக்கேன்ல?" என்றாள். அவளுடைய இடது கை முன்பு வைத்த குழாய்களால் ஏற்கெனவே பாழ். மிச்சம் வலது கை ஒன்றுதான். குலுக்கலில் சேராமல் கேட்டிருந்தால் டாக்டர் புதியதையே வைத்திருப்பார். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவி.

அவளுக்குப் பழையது விழுந்தது. "பழசும் நல்லதுதான்க்கா" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ரத்தம் ஓடும் குழாய் தோலுக்கடியில் அதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் கண் திறக்கும் முன்பே அதைத் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் தொட்டபோது கை சும்மா கிடந்தது. அடைப்பை எடுத்தார்கள், மறுபடியும் அடைத்தது. கடைசியில் கழுத்தில் ஒரு குழாயைச் செருகி, அதில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள்.

கழுத்துக் கட்டோடு அவள் படுத்திருந்த அன்று தம்பி வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, நம்ம குழாய் ஜெயிச்சிருச்சு!"

"அப்ப எனக்கும் அதையே வைக்கச் சொல்லேன்டா."

அவன் முகம் செத்துப்போனது. "உன் கையில இனிமே இடமில்லைக்கா."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்னையும் கணக்குல சேர்த்தியா?"

"சேர்க்காம இருக்க முடியாதுல்லக்கா."

"நல்லா சேர்த்துக்கோ. பழசு எத்தனை பேருக்கு அடைக்குதோ அத்தனைக்கு உன்னது ஒசத்தி. எனக்கு அடைச்சது உனக்கு லாபம்தான்."

அவன் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டான். பழக்கதோஷத்தில் அவன் விரல் அந்த அதிர்வைத் தேடியது.

"அங்க ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. "கையை எடு."