கேமரா இருக்கும் இடம்

ஜோசிக்குக் காது குத்திக் கூட்டிவந்தவள் ஷெல்பி. பனியில் சறுக்க முதன்முதலாகக் கூட்டிப்போனவளும் அவள்தான். டேரிலின் புது மனைவிக்கு, அவனுடைய ஒன்பது வயது மகளின் ‘முதல்’ எதையாவது தட்டிக்கொண்டு போவதில் அப்படி ஒரு ராசி. வாரம் விட்டு வாரம் சனி, ஞாயிறு இப்ஸ்விச்சில் அப்பா வீட்டில் இருந்துவிட்டு ஜோசி மலைமேல் வாரிக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் திரும்புவாள். காரிலிருந்து இறங்கும் மகளைக் கெரின் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள், தனக்குத் தெரியாமல் ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று.

அதனால்தான் போன வருஷமே டேரிலைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தாள்.

“மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க. தீம் பார்க் மட்டும் எனக்கு. அவ அந்த டிங்கோ ரோலர் கோஸ்டர்ல ஏறுற உயரம் வரட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்.”

வாயில் எதையோ மென்றுகொண்டே டேரில் சரி என்றான்.

ஏன் தீம் பார்க் மட்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் சட்டென்று சொல்ல வந்திருக்காது. டேரிலும் ஷெல்பியும் ஜோசியை ஸ்ட்ராட்புரோக் தீவில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். ஹெர்வி பேயில் திமிங்கிலம் காட்டினார்கள். அதிலெல்லாம் கெரினுக்கு வயிறு எரிந்ததில்லை. கடலை யாரோ தனக்கு வாங்கிக் கொடுத்ததாக எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது. கூடாரத்தில் அப்பா அதே அப்பாதான், ஆப்பு மண்ணில் இறங்கவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார். அம்மா அதே அம்மாதான், தட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள். தீம் பார்க் அப்படியல்ல. அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் ஒருவர் இருக்கிறார். உள்ளே போனால் சமைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், பிள்ளையின் பக்கத்தில் நிற்பதைத் தவிர பெரியவர்களுக்கு வேறு வேலையே இல்லை. அந்த ஒரு நாள் முழுக்க அவர்களே கொண்டுவந்து கையில் கொடுத்த பரிசு மாதிரி ஆகிவிடுகிறது. கொடுத்தவரின் முகம் பிள்ளையின் நினைவில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கெரினுக்கு வேண்டியிருந்தது அந்த ஒட்டல்தான்.

ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலக்கும் வேலை அவளுக்கு. கூடுதல் ஷிப்டுகள் பார்த்துச் சேர்த்தாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு மகளின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜூனில் ஜோசியின் பிறந்தநாளன்று டிக்கெட்டை ஒரு காலணிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்த ஜோசி டிக்கெட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு கத்தினாள்.

பள்ளி விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, இருவரும் மலை இறங்கி கோல்ட் கோஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் கெரின் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்புறமாகவே நடந்தாள், மகளின் முகம் மலர்வதைப் படம் பிடிக்க. பின்னால் வந்த குழந்தை வண்டி ஒன்றில் இடித்து மன்னிப்புக் கேட்டாள். ஜோசி இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு, “ஐயோ அம்மா! எவ்வளவு பெருசு!” என்றாள்.

கெரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

“முதல் தடவையா?” என்று கேட்டு வாசலில் நின்ற பெண் ஒரு வட்ட வில்லையை நீட்டினாள். ‘முதல் வருகை’ என்று அதில் எழுதியிருந்தது.

“நீ போட்டுக்கோம்மா,” என்றாள் ஜோசி.

“எனக்கு எதுக்கு? கொண்டாட்டம் உனக்கு,” என்று கெரின் அதை மகளின் சட்டையில் குத்திவிட்டாள்.

உள்ளே போனதும் கெரின் வரைபடத்தை விரித்தாள். ஜோசி அதற்குள் இடது பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். “இந்தப் பக்கமாத்தான் இருக்கும்,” என்றாள். இருந்தது. கெட்டிக்காரப் பெண் என்று கெரின் நினைத்துக்கொண்டாள்.

டிங்கோவுக்கான வரிசை பாம்பாய் வளைந்து கிடந்தது. வரிசையில் நின்றபடியே பள்ளிக்கூடக் கதைகள் எல்லாம் வந்தன. ஜோசி முன்னும் பின்னுமாய் ஆடிக்கொண்டு பேசினாள். வீட்டில் கேட்டால் “சும்மா” என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும் பிள்ளை. கெரினுக்கு வரிசை இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

வண்டி ஏறியது. வண்டி விழுந்தது. கெரினுக்கு அதற்குமேல் ஒன்றும் ஞாபகமில்லை, தன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைத் தவிர.

இறங்கி வெளியே வரும் வழியில் போட்டோ கவுண்டர். ஓட்டத்தின் நடுவே எடுத்த படங்கள் மேலே திரைகளில் வரிசையாக மின்னின. கெரின் தங்கள் படத்தைத் தேடிப் பிடித்தாள். அவள் கண்ணை இறுக்க மூடி, வாயைக் குகை மாதிரி திறந்திருந்தாள். பக்கத்தில் ஜோசி ஒரு கையைத் தூக்கி, நாக்கை நீட்டி, ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்திருந்தாள்.

கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். “சின்னவ பழகின கை போலிருக்கே. கேமரா எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சவங்கதான் இப்படிப் பண்ணுவாங்க. மத்தவங்க எல்லாம் உங்கள மாதிரிதான், தாயே.”

“இல்லீங்க, இவளுக்கு இது முதல் தடவ.”

“அப்படியா?” என்றாள் அந்த அம்மாள். ஜோசியின் சட்டையிலிருந்த வில்லையைப் பார்த்தாள். பிறகு ஜோசியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரொம்ப அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஜோசி தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கெரின் படம் வாங்கவில்லை. ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில், குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த ஐபிஸ் பறவை ஒன்று இவர்களை நோட்டமிட்டது.

“எப்ப?” என்றாள் கெரின்.

“ஈஸ்டர் லீவுல.”

“கடற்கரைக்குப் போனோம்னு சொன்ன?”

“கடற்கரைக்கும் போனோம்.”

“சொல்லாதேன்னு யாரு சொன்னா? ஷெல்பியா?”

“யாரும் சொல்லலம்மா. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்னு அப்பா சொன்னாரு. பேசிட்டாருன்னுதான் நெனச்சேன். அப்புறம் நீ அந்தப் பெட்டியக் குடுத்த.” ஜோசி ஒரு வறுவலை இரண்டாக ஒடித்தாள். “நீ ரொம்ப சந்தோஷமா இருந்த.”

கெரின் கைபேசியை எடுத்து வாசலில் பிடித்த படத்தை ஓடவிட்டாள். காலையில் கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் கவனிக்காதது இப்போது தெளிவாகத் தெரிந்தது. மகள் முதலில் பூங்காவைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகுதான் கன்னத்தில் கை வைத்தாள்.

கெரின் எழுந்து நாலடி தள்ளிப் போய் டேரிலுக்குப் போன் போட்டாள். அங்கே பின்னணியில் நாய் குரைத்தது, யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“நீ எனக்கு வாக்குக் குடுத்த.”

“கெர், நீ இப்ப எதைப் பத்தி... ஓ. அங்க இருக்கீங்களா?” டேரில் குரலைத் தாழ்த்தினான். “வாக்கெல்லாம் இல்ல, சரின்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஷெல்பி ஆபீஸ்ல குலுக்கல்ல டிக்கெட் விழுந்துச்சு. தேதி முடியப் போகுது. தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?”

“போட்டிருக்கலாம்.”

“என்னத்த பேசற நீ? ஒரு லீவுக்குப் போனோம். எல்லா லீவும் மாதிரி இதுவும் ஒண்ணு.”

“எல்லா லீவும் மாதிரின்னா என்கிட்ட மறைச்சது எதுக்கு? திமிங்கிலம் பாத்தத மட்டும் அன்னிக்கே போட்டோ போட்டு அனுப்பினியே?”

“நான் அப்புறம் கூப்பிடறேன்,” என்றான். வைத்துவிட்டான்.

அவள் திரும்பியபோது ஐபிஸ் பொட்டலத்தில் தலையை விட்டிருந்தது. ஜோசி, “போடா திருட்டுப் பயலே!” என்று காலை உதறினாள். அது ஒரு நீள வறுவலைக் கவ்விக்கொண்டு கௌரவமாக நடந்து போனது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. கெரினுக்கு நெஞ்சுக்குள் எரிவது நிற்கவில்லை, சிரிப்பும் வந்துதொலைத்தது.

அவள் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். “அந்த டிங்கோல ஷெல்பி கத்தினாளா?”

“ஷெல்பியா? அவ ஏறவே இல்ல. எல்லார் பையையும் வெச்சுக்கிட்டுக் கீழ நின்னா. அப்பாவுக்கு முதுகுவலி. என்னை யாரோ ஒரு தடியன் பக்கத்துல உக்கார வெச்சாங்க. அவன் மேல சன்ஸ்கிரீன் வாசனை தாங்கல. முதல் தடவ நான் கண்ண மூடிட்டேன். அடுத்த தடவயும் அவன் பக்கத்துலதான், போட்டோக்காகப் பாத்தேன். அதத்தான் அப்பா வாங்கினாரு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு.”

“தடியனோடயா?”

“தடியனோடதான். ஷெல்பி அவனுக்கு நெவில்னு பேர் வெச்சிருக்கா. பால் எடுக்கறப்பல்லாம் குட் மார்னிங் நெவில்னு சொல்லுவா.”

கெரின் சிரித்திருப்பாள். ஆனால் அது ஷெல்பியின் நகைச்சுவை. அந்த வீட்டுச் சமையலறையில் காலையில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற ஒன்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ போலாமா?” என்றாள்.

“டிங்கோலயா? நீ செத்துருவேம்மா.”

“கேமரா எங்கன்னு காட்டு.”

வரிசையில் நின்றபோது ஜோசி விளக்கினாள். பெரிய இறக்கம் முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒரு மஞ்சள் கம்பம். அதன் உச்சியில் கறுப்புப் பெட்டி. விழும்போதே அதைத் தேட வேண்டும், கம்பம் தெரிந்ததும் பல்லைக் காட்ட வேண்டும். கெரின் பரீட்சைக்குப் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டாள். தானும் மகளும் கேமராவை நேராகப் பார்க்கிற ஒரு படம் வேண்டும். அதில் யாரோ ஒரு நெவில் இருக்கக் கூடாது. அந்தப் படம் இப்ஸ்விச்சில் அந்த ஃப்ரிட்ஜில் ஏற வேண்டும். ஷெல்பி பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும். வண்டி சங்கிலியில் கடகடவென்று மேலே ஏறும் நேரம் முழுவதும் அவள் மனதில் இதுதான் ஓடியது.

உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. பக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, விக்கல் போல. கெரின் திரும்பினாள்.

ஜோசி பழகின கை அல்ல. கீழுதட்டைப் பல்லால் கவ்வி, கண்களை மூடி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டி விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. மகளின் முகத்தில் பயம் ஏறி, நிறைந்து, நடுவழியில் எங்கோ உடைந்து, கண் திறந்து, அப்படியே சிரிப்பாக மாறுவதைக் கெரின் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் நாக்கு வெளியே வந்தது, கை மேலே போனது, கண் சிமிட்டியது. அந்த நடிப்பு கேமராவுக்கு. அதற்கு முந்தின முகத்தைப் பையோடு கீழே நின்ற ஷெல்பி பார்த்திருக்க முடியாது. முதுகுவலிக்காரனும் பார்த்திருக்க முடியாது. கெரின் பார்த்தாள். மஞ்சள் கம்பம் எப்போது கடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

கவுண்டரில் அதே அம்மாள்தான் இருந்தாள். திரையில் ஜோசி அழகாக விழுந்திருந்தாள். கெரின் இருக்க வேண்டிய இடத்தில் பறக்கும் முடியும் ஒரு காதும் மட்டும் இருந்தன.

“அம்மா! இடப்பக்கம்னு சொன்னேன்ல!” ஜோசி தலையில் அடித்துக்கொண்டாள்.

“இது வேண்டாம்தானே தாயே? உங்க மூஞ்சியே விழலியே.”

“வேணும். ரெண்டு காப்பி குடுங்க.”

“ரெண்டு எதுக்கும்மா?” என்றாள் ஜோசி.

“ஒண்ணு நமக்கு. ஒண்ணு உங்க அப்பா வீட்டு ஃப்ரிட்ஜுக்கு. நெவிலுக்குத் துணையா இருக்கட்டும்.”

ஜோசி சிரிக்கவில்லை. கவுண்டர் விளிம்பை விரலால் தேய்த்தாள்.

“ஒண்ணு போதும்மா.”

“ஏன்? அங்க ஒட்ட உனக்குப் பிடிக்கலியா?”

“எனக்குப் பிடிக்கும். ஷெல்பிக்குக் கஷ்டமா இருக்கும். தினமும் பாக்கணும்ல.”

கெரினுக்குச் சுருக்கென்று குத்தியது. காலையில் கன்னத்தில் கை வைத்துக் காட்டிய அந்தப் பரிவு தனக்கு மட்டுமானது என்று எப்போது அவள் முடிவு கட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதிலும் ஷெல்பிக்கு ஒரு பங்கு இருந்தது.

கவுண்டர் அம்மாள் கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு,” என்றாள் கெரின்.

அட்டைச் சட்டத்துக்குள் படம் நுழைவதைப் பார்த்துக்கொண்டே, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டு, மகளிடம் கேட்டாள். “அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ ஏதாவது சொன்னாளா?”

“அவ ஒண்ணும் சொல்லல,” என்றாள் ஜோசி. “உனக்கு இருந்துச்சுல்ல?”