நூலை வெட்டிய காலை

வேலை கடைக்குப் பின்னால்தான் என்று திகனவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் நளீர் நானா சொன்னார். மீன் தொட்டிகளைக் கழுவ வேண்டும், தொட்டிக்குள் வைக்கும் அழகுப் பாசி வளர்க்க வேண்டும். வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. எனக்கு அது போதும். வாய் திறக்க முடியாமல்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

பாசியை ஒரு மரத்துண்டில் கறுப்பு நூலால் சுற்றிக் கொடுத்தார். "வளத்துப் பாருங்க மகள். நூலை வெட்டினா உதிரக் கூடாது. மரத்தப் பிடிச்சிருந்தா வேலை உங்களுக்கு."

"பிடிக்காட்டி என்னோட கொழும்புக்கு வரட்டும்," என்றார் கூட வந்த ரத்தினம்மா சித்தி. அங்கே ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். "அந்த வீட்டுக்கார நோனா பேசியே கொன்னுடுவா. இவளுக்கும் வாய் வந்துடும்."

வத்தேகமவில் எங்கள் வீட்டுக் கொய்யா மர நிழலில் கண்ணாடித் தொட்டியை வைத்தேன். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றினேன். நீண்ட நுனிகளைக் கத்தரித்தேன். வெட்ட வெட்டக் கிளைத்தது. தொட்டியில் விட்டிருந்த மீன்கள் தளிரைக் கொத்தின. அவற்றைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் பேக்கரியில் பாண் வாங்கித் திரும்பும்போது தெருவே அமளிப்பட்டது. "டெங்கு பாக்க வர்றாங்க! தண்ணியக் கொட்டுங்க!" என்று பக்கத்து வீட்டு வடிவம்மா கத்தினார். பூச்சட்டிகளும் பழைய டயர்களும் கவிழ்ந்தன. நுளம்புப் புழுவைக் கண்டால் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்குப் போடுவார்கள்.

வாசலிலேயே மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"புழு நெளிஞ்சுச்சு புள்ள. தொட்டியத் தூக்க முடியல," என்றார் அம்மா, போத்தலை மூடியபடி. "கோர்ட்டுக்கு யாரு போறது?"

ஓடிப்போய் மரத்துண்டை வெளியே இழுத்தேன். தண்ணீர்மேல் மிதந்த எண்ணெய் அத்தனையும் பாசியில் ஏறிக்கொண்டது.

பரிசோதகர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். "ரெண்டு மீன் விட்டிருந்தா போதுமே," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எத்தனையோ வாளித் தண்ணீரில் அலசினேன். பாசி பழுப்பேறியது, பிறகு கறுத்தது. நளீர் நானாவிடம் போய் இன்னொரு துண்டு கேட்கலாம். கேட்பதென்றால் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். திகன பஸ் வரும், நிற்கும், போகும். நான் ஏறவில்லை.

சித்தி கொழும்புக்குக் கூட்டிப்போக வந்த காலையில் நூலை வெட்டினேன். ஓர் இழைகூட உதிரவில்லை. விரலால் இழுத்தும் வரவில்லை. செத்த பாசி மரத்தை அப்படிப் பிடித்திருந்தது.

"உடுப்பெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

தலையை ஆட்டினேன். அவருக்கு அது தெரிந்திருக்காது. மறுபடியும் கேட்டார்.