ஹிலாரா ஏற்காத கல்வெட்டு

ஓஸ்தியா துறைமுகத்தில் செத்துப்போன ஹிலாரா, தன்னை அடக்கம் செய்த கல்பெட்டியில் வெட்டிய எழுத்தை மூன்று முறை உதிர்த்துவிட்டாள். அந்த வாரம் எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல் இரண்டு வந்தன, மீன்சாறு விலை இறங்கியது, ஹிலாரா எழுத்தை உதிர்த்தாள். ஊரில் இந்த வரிசையில்தான் பேசிக்கொண்டார்கள்.

குற்றம் கல்தச்சன் ஜோத்திகுஸ் மேல்தான் என்பேன். அவன் பட்டறையில் பளிங்குப் பெட்டிகள் தயாராக நிற்கும். 'கணவனோடு ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல் வாழ்ந்தாள்' என்று முன்கூட்டியே வெட்டி, பேருக்கும் வருஷத்துக்கும் மட்டும் இடம் விட்டிருப்பான். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்த ஒரே வரியோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். மகராசிகள், ஒருத்திகூட மறுத்ததில்லை. கயிறு திரிக்கும் ரூஃபியோவும் தன் மனைவி ஹிலாராவுக்கு அதையே வாங்கினார். அடக்கம் செய்த மறுநாள் பார்த்தால் கல் வழவழவென்று இருக்கிறது, கீழே ஒரு பிடி பளிங்குத் தூள். வரியோடு பேரும் போய்விட்டது. மறுபடி வெட்டினான், மறுபடி உதிர்ந்தது. மூன்றாம் தடவை ஆழமாக வெட்டினான். தூள்தான் கூடியது.

எங்கள் சாலையோரக் கல்லறைகளில் போகிறவர் வருகிறவர் பேரை வாய்விட்டுப் படிப்பார்கள்; செத்தவர்களுக்கு அந்த ஒரு கூப்பிடுதல்தான் மிச்சம். ஒன்பதாம் நாள் படையலுக்குச் சொந்தக்காரர்கள் முட்டையும் பயறும் ஒயினும் கொண்டு வரும்போது கல்லில் பேர் இல்லையென்றால் அவளை யார் கூப்பிடுவது? இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. பாவம், ரூஃபியோ சாப்பாட்டைத் தொடவில்லை.

கொழுந்தியாள் கிரெஸ்தேதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "அத்தான், நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை கலங்கரை விளக்கம் வரைக்கும் கேக்கும். உசுரோட இருந்தப்பவே பொய்யப் பொறுக்காதவ, இப்ப மட்டும் பொறுத்துக்குவாளா?"

உண்மையை வெட்டினால் ஊர் படித்துச் சிரிக்குமே என்று ரூஃபியோ ஒரு நாள் முழுக்க முரண்டு பிடித்தார். எட்டாம் நாள் பட்டறைக்குப் போய், உள்ளதை உள்ளபடி வெட்டச் சொன்னார்: 'ஹிலாரா. இருபத்தாறு வருஷம் தினமும் என்னோடு சண்டை போட்டாள். பாதி சண்டையில் அவள் சொன்னதுதான் சரி. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.' இப்படியொரு கல்லறை எழுத்து உண்டா என்று முனகிக்கொண்டே ஜோத்திகுஸ் வெட்டினான்.

ஒன்பதாம் நாள் காலை எழுத்து அப்படியே நின்றது. அடியில் மட்டும், ஜோத்திகுஸுடையது அல்லாத கையெழுத்தில், ஒரு வரி கூடியிருந்தது: 'பாதி இல்லை. முழுக்க.' சொந்தக்காரர்கள் அதையும் சேர்த்தே சத்தமாகப் படித்தார்கள். ரூஃபியோ அழுதார். அழுதுகொண்டே, கிழட்டுக் கழுதையை விற்ற விஷயத்தில் யார் சொன்னது சரி என்று கல்லோடு வாதாட ஆரம்பித்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தினமும் போகிறார். மறுநாள் கல்லில் பதில் இருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டியின் நாலு பக்கத்திலும் இடமில்லை. எங்கள் வழக்கப்படி ரூஃபியோ உயிரோடு இருக்கும்போதே தனக்கும் ஒரு பெட்டி சொல்லிவைத்தார். அதில் என்ன வெட்டட்டும் என்று ஜோத்திகுஸ் கேட்டான்.

"ஒண்ணும் வெட்டாத. உள்ள போனதும் அவளுக்குப் பதில் நானே எழுதிக்கிறேன்" என்றார்.

ஜோத்திகுஸ் சரியென்று தலையாட்டிவிட்டு, எழுத வசதியாக நாலு பக்கத்தையும் நன்றாக இழைத்துக் கொடுத்தான்.