தாத்தாவைக் கொன்ற ஓநாய்

ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயர் சொல்லத் தெரியாதவன் கிர்கிஸ்காரனே இல்லை. தொக்தோசுனோ வெறும் பெயரோடு நிறுத்துகிற ஆளில்லை. ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார் என்பதையும் விருந்துக்கு விருந்து அளந்துவிடுவார். டாக்டர் ஜில்திஸ் அவரிடம் வம்சத்தைப் பற்றிக் கேட்டதும், மகன் பெக்தெமிர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்பதே அவருக்கு மறந்துபோனது.

கோக்-பொரு என்ற குதிரையாட்டத்தில், பந்துக்குப் பதிலாக வைக்கும் செத்த ஆட்டின் உடலைப் பறிக்கப் பாய்ந்தவன், குதிரை மேலேயே மயங்கிச் சரிந்திருந்தான்.

"போன வாரம் காய்ச்சல் வந்திருக்கு. அதனால இதயத்துல அழற்சின்னா, ஆறு மாசம் ஓய்வெடுத்துட்டு மறுபடி குதிரை ஏறலாம். ஆனா பரம்பரையா வர்ற இதயத் தசை நோயும் சில சமயம் இதே வேஷம் போடும். அதுன்னா ஆட்டத்துக்கே முழுக்குப் போடணும். உங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

"எங்க ஆளுங்க சண்டை போட்டுத்தான் சாவாங்க டாக்டரம்மா! எங்கப்பா முப்பது வயசுல ஓநாயோட மல்லுக்கட்டிச் செத்தாரு. எங்கண்ணனை வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு."

"அப்ப நோய் இல்ல, விபத்து."

"வசந்தத்துல ஆடலாம்!" என்றான் பெக்தெமிர். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டே தொக்தோசுன் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"டாக்டரம்மா, அது ஓநாய் இல்ல."

"பின்ன?"

"கோழி."

"கோழியா கொன்னுச்சு?"

"சேச்சே! விருந்தாளிக்கு அடிச்சுக் கொழம்பு வைக்கத் துரத்திட்டு ஓடினாரு. அப்படியே குப்புற விழுந்துட்டாரு."

"அப்பா! என் கல்யாணத்துல அந்த ஓநாயைச் சொல்லித்தானே எல்லாரும் கோப்பை தூக்கினோம்? அப்ப பெரியப்பா?"

"ஆத்துல கணுக்கால் தண்ணிதான்டா. அவரு ஏறிப் போன குதிரை நல்லபடியா வீடு வந்து சேர்ந்துச்சு."

நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் குலுங்கப் பெக்தெமிர் சிரித்தான். பக்கத்து இயந்திரம் கத்தியது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அப்ப நான் இனி குதிரை ஏறக்கூடாதா?"

"வேணாம்டா. உனக்கும் ஒரு கதை கட்ட என்னால ஆகாது."

டாக்டர் ஜில்திஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"மரபணுச் சோதனை பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா ஒண்ணு, தாத்தாகிட்டேர்ந்து பேரனுக்கு இது வந்திருந்தா உங்க வழியாத்தான் வந்திருக்கும். சட்டையைக் கழட்டிட்டு அந்தக் கட்டில்ல படுங்க."

தொக்தோசுன் மகனைப் பார்த்தார். முதல் பொத்தானை அவிழ்க்கவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.