இருநூற்றுப் பன்னிரண்டு தலைகள்

இப்போதெல்லாம் கோயிலுக்கு வருகிறவன் வண்டியைச் சாலை பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறான். போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினால் போதும், இவன் கையில் வண்டிச் சாவி வந்துவிடும். வாய் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் கால் படியில் நிற்கும். எல்லோருக்கும் கடைசி பெஞ்சுதான் வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் முள் குத்துமா என்ன? உட்கார்ந்த கையோடு போனைத் தடவ ஆரம்பித்துவிடுவான். என்னடா என்றால் வேதப்புத்தகமே இதற்குள்தான் இருக்கிறது என்பான். வேதப்புத்தகத்தைப் பார்த்து எவனாவது அப்படிப் பல்லைக் காட்டுவானா?

இப்படிக் குறை சொல்லும் கிழவர் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனாலேயே அவருக்கு வில்லங்கம் என்று பெயர் விழுந்தது. நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. செங்கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுத்தான் வாங்குவார். மனுஷர்களையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். அவர் காதுக்கு இதுவரை ஒரு செங்கல்கூடச் சரியாக ஒலித்ததில்லை.

நான்கு ஊர், நான்கு கோயில், நான்குக்கும் சேர்த்து ஒரே போதகர். பாலத்துக் கோயில், மேட்டுக் கோயில், ஆலைக் கோயில் என்று மற்ற மூன்றுக்கும் அடையாளத்தோடு பெயர் உண்டு. வில்லங்கத்தின் ஊரில் இருப்பது சின்னக் கோயில். அங்கே மாதத்தில் நான்காம் ஞாயிறுதான் போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் எழுத்துக்கூட்டத் தெரிந்த யாராவது ஜெபம் வாசிப்பார்கள். சாவி, மணி, விளக்குமாறு மூன்றும் வில்லங்கத்தின் பொறுப்பு. ஜெபம் மட்டும் அவர் பொறுப்பில்லை. மணியை அடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார்.

உள்ளே போவது அவர் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டில், அடுப்பு, கட்டில் என்றே வாரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தடியை ஊன்றி, வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசலுக்கு முப்பத்தெட்டு அடி நடப்பாள். கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது பெஞ்சில் சுவரோரமாக உட்காருவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசுவார்கள். அந்த நாலு வார்த்தையைத்தான் அடுத்த ஆறு நாளும் அசை போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போதகர் வந்தார். வயது நாற்பதுகூட இருக்காது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே நாற்காலியில் விழுந்தார்.

"பெரியவரே, தலைமை ஆபீஸ்ல இருந்து கடுதாசி வந்திருக்கு. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு ஆள் வந்து தலை எண்ணுவாங்க. முப்பதுக்குக் கீழ இருந்தா அந்தக் கோயில்ல இனி ஆராதனை கிடையாது. பெரிய கோயிலோட இணைச்சிடுவாங்க. உங்களுக்குன்னா பாலத்துக் கோயில்."

"பூட்டிடுவாங்கன்னு சொல்லுங்க."

"பூட்டுறது இல்ல பெரியவரே, இணைப்பு."

"இணைச்ச பிறகு இந்தக் கதவுக்குப் பூட்டு யாரு போடுவா? உங்க மாமனாரா?"

போதகருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "நான் என்ன செய்யட்டும்? ஒரே பிரசங்கத்தை நாலு இடத்துல சொல்றேன். நாலாவது இடத்துக்கு வரும்போது எனக்கே நம்பிக்கை வரமாட்டேங்குது" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, கடிதத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிழவர் அதை மடித்து, கரண்டியும் ரசமட்டமும் கிடந்த கொத்தனார் பெட்டியில் போட்டார். பெரிய எழுத்து என்றால் அவர் படித்துவிடுவார். சின்ன எழுத்தில் எவனும் நல்லது எழுதி அவர் பார்த்ததில்லை.

உள்ளே இருந்து மனைவி கேட்டாள். "நாம எத்தனை பேருங்க வர்றோம்?"

"பதினொண்ணு. உன் தடியையும் சேர்த்தா பன்னெண்டு."

அவள் சிரிக்கவில்லை. "பாலத்துக்கு எட்டு கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை பஸ்ஸும் கிடையாது. இருந்தாலும் அந்தப் படியில நான் ஏறிடுவேனா?" கட்டிலில் இருந்தபடியே அவர் பக்கம் திரும்பினாள். "நான் உங்ககிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

"நெறைய."

"அதோட இதையும் சேர்த்துக்கங்க. போய் நாலு பேரைக் கூப்பிடுங்க. ஒரு நாளைக்குத்தானே?"

யார் வீட்டு வாசலிலும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன் கிளம்பினார். பஸ் போகிற இடத்துக்குப் பஸ், போகாத இடத்துக்குக் கால். மூன்று வாரம் மூன்று ஊரிலும் அலைந்தார். பாதி வீடுகளுக்கு அவர்தான் சுவர் எழுப்பியவர், ஒழுகின கூரைக்குத் தளம் போட்டவர். கதவைத் தட்ட வழி இருந்தது. கேட்கத்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஆட்களை அவருக்குத் தெரியும். பத்துப் பேர் வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் பதினோராவது ஆள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாட்டுப் பாடினார்: "உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் கேக்கல. வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்." ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில் வந்தது: "பார்க்கலாம்." அவர் அகராதியில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஒரு பார்க்கலாம் விழுந்ததும் அந்த வீட்டைக் கழித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். இப்படிக் கழித்துக் கழித்தே மூன்று ஊரிலும் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்விட்டார்.

கடைசியாக மச்சினனிடம் போனார். மனைவியின் தம்பி. சிமெண்ட் கடைக்காரர், பாலத்துக் கோயிலின் செயலாளர். மூட்டையில் எடை குறைகிறது என்று கிழவர் ஒரு காலத்தில் நடுத்தெருவில் வைத்துக் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவாகத்தான்.

"வாங்க அத்தான்! இன்னைக்கு மழை கொட்டப் போகுது!"

"கொட்டினா மூட்டையை உள்ள எடுத்து வை. உங்க அக்காவுக்காக வந்தேன், எனக்காக இல்ல."

"அது தெரியாதா? உங்களுக்காகன்னா செத்தாலும் வரமாட்டீங்களே."

"செத்தா நீதான் வரணும்."

விஷயத்தைக் கேட்டதும் மச்சினன் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? எங்க கோயிலையும் அன்னைக்குத்தான் எண்ணுறாங்க. நாலு கோயிலுக்கும் ஒரே நாள், கடுதாசியில போட்டிருக்கே. எண்ணட்டும். எங்களுக்கு எழுபது எண்பது பேர் சும்மா வருவாங்க. நான், உங்க தங்கச்சி, புள்ளைங்க மூணு, ஆக அஞ்சு தலை குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"யார்கிட்டயும் சொல்லாத."

"ஏன், நகையா திருடப் போறோம்?"

நான்கு கோயிலுக்கும் ஒரே நாள் என்பதைக் கிழவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். ஆனால் ஒருத்தரும் வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டவருக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ஞாயிறு வந்தது. எண்ணுவதற்கு ஒரு கண்ணாடி போட்ட அம்மாள் வந்தாள். அமுக்கினால் எண் கூடுகிற சின்னக் கருவி ஒன்றைக் கைக்குள் வைத்திருந்தாள். கிழவர் மணியை அடித்தார். மனைவி தன் இடத்தில் உட்கார்ந்தாயிற்று. ஊர்க்காரர்கள் பதினொரு பேரும் வந்தாயிற்று. முதலில் மச்சினனின் வேன் வந்தது. பதினாறு. கிழவர் பெருமூச்சு விட்டார்.

பிறகு மேட்டு ஊரில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆலை ஊரில் இருந்து இரண்டு. பாலத்தில் இருந்து ஒரு வேன் நிறைய. இறங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள்.

"என்ன, நீங்க இங்க?"

"சும்மா... அக்கா உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போகலாம்னு. நீங்க?"

"நானும் சும்மாதான்."

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. நாற்பது பேர் உட்காரும் கோயில். பெஞ்சு நிறைந்தது, நடைபாதை நிறைந்தது, சன்னலுக்கு வெளியே தலைகள் முளைத்தன. கருவி டிக் டிக்கென்று ஓயாமல் சத்தம் போட்டது. உட்கார்ந்திருந்த படியும் பறிபோய்க் கிழவர் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி கேட்டுப் போனவர் முன்னால் மூட்டை மூட்டையாகக் கொட்டினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார்.

ஜெபம் முடிகிற நேரத்துக்குப் போதகரின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அன்று அவருக்கு மேட்டுக் கோயில் முறை. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"காணாமப் போன ஆடெல்லாம் இங்கதான் இருக்கா? மேட்டுக் கோயில்ல மொத்தமே நாலு பேர். எண்ண வந்தவரும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னோம்."

எண்ணுகிற அம்மாள் மற்ற கோயில்களில் எண்ணப் போனவர்களுக்குப் போன் போட்டாள். ஆலைக் கோயிலில் ஆறு. பாலத்துக் கோயிலில் ஒன்பது. இங்கே இருநூற்றுப் பன்னிரண்டு. போனை வைத்துவிட்டு அவள் சட்டத்தைச் சொன்னாள். முப்பதுக்குக் கீழே வந்த மூன்று கோயில்களிலும் இனி ஆராதனை இல்லை. எல்லோரும் இந்தக் கோயிலுக்கு வர வேண்டும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மூன்று பக்கமிருந்தும் ஒரே கேள்வி பாய்ந்தது.

"எங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன்னீங்களே?"

"எங்க வீட்டுலயும் அதையேதானே சொன்னாரு!"

"வில்லங்கம்னு சும்மாவா பேரு வச்சாங்க!"

மச்சினன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அத்தான், உங்ககிட்ட முப்பது தலை கேட்டா மூணு கோயில் தலையையும் சேர்த்து வெட்டிட்டு வந்திருக்கீங்களே!"

"வரமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார் கிழவர்.

அந்த அம்மாள் தாளை நீட்டினாள். "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். இவங்க எல்லாரும் இந்தக் கோயில் ஆளுங்கன்னு சாவி வச்சிருக்கிறவர் கையெழுத்துப் போடணும்."

பேனா கிழவர் கைக்கு வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அந்த முப்பத்தெட்டு அடிக்கு ஆயுசுக்கும் ஆபத்தில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பக்கத்தில் பாலத்து ஊர்க் கிழவி ஒருத்தி, நடக்க உதவும் இரும்புச் சட்டத்தை முன்னால் நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டியில் தூக்கிவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"எங்க கோயிலையா பூட்டுவாங்க?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் கட்டில்ல படுத்தபடியே சன்னல் வழியா அந்தக் கோயில் தெரியுமே. ஒரு நாளைக்குத்தான்னு சொன்னாங்களே?"

மனைவி கிழவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

கிழவர் பேனாவை மூடினார்.

"இதுல பதினொண்ணுதான் எங்க தலை. மிச்சமெல்லாம் இரவல்."

"அப்ப உங்க கோயில்..."

"தெரியும், எழுதுங்க. இருநூத்திப் பன்னெண்டுன்னு எழுதினா வருஷா வருஷம் அத்தனை தலை கேப்பீங்க. மறுபடி வீடு வீடா நடக்க எனக்கு முழங்கால் இல்ல."

மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அம்மா, இன்னைக்கு எண்ணினது நாலும் தப்பு. கலைஞ்சு போன சீட்டுக்கட்டை வச்சு யாரு ஜெயிச்சான்னு சொல்லாதீங்க."

போதகரும் பேசினார். அந்த அம்மாள் வெளியே போய் வெகுநேரம் போனில் பேசிவிட்டு வந்தாள். மூன்று மாதம் கழித்து நான்கு கோயிலிலும் மறுபடி எண்ணுவார்கள். அதுவரை எதையும் பூட்டமாட்டார்கள்.

"ஆனா இரவல் செல்லாது. இந்தக் கோயில் பதிவேட்டுல பேரும் இருக்கணும், அன்னைக்கு ஆளும் இருக்கணும்" என்றாள்.

"அப்ப என் பேரை இங்க எழுதுங்க. எங்க அக்கா இருக்கிற இடம்தான்" என்றார் மச்சினன். "செயலாளர் வேலையை வேற எவனாவது பார்க்கட்டும், எனக்கும் அலுத்துப் போச்சு."

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். மேட்டு ஊரில் இருந்து ஒரு தையல்காரர் குடும்பம். ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். போதகர் முழங்காலில் பதிவேட்டை வைத்து எழுதினார். மனைவியைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்கள்.

"இருபத்தாறு அத்தான்!" மச்சினன் சத்தமாகச் சொன்னார். "உங்க பதினொண்ணைச் சேர்த்தா முப்பத்தேழு. இப்பவாவது சிரிங்களேன்."

"பேருக்கென்ன, அது பதிவேட்டுல உக்காந்திருக்கும். ஆளுதான் எட்டு கிலோமீட்டர் வரணும்."

"உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதா?"

"அது உங்க அக்கா டிபார்ட்மெண்ட்."

கிழவர் மனைவியின் தடியை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து எழுப்பினார். "எழுதி முடிச்சா கதவைச் சாத்தி வைங்க. பூட்ட நான் வந்துக்கறேன்" என்றார். மச்சினன் என்னவோ சொன்னார், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் வழிவிட்டது. இருவரும் படி இறங்கி வெயிலில் மெல்ல நடந்தார்கள்.

"இருபத்தாறு பேரும் வருவாங்க, பாருங்களேன்" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"மழை இல்லேன்னா பத்து."

"பத்துதானா?"

கிழவர் யோசித்துப் பார்த்தார்.

"ஒன்பது" என்றார். "கீழ பார்த்து நட."